கம்பியில்லாத் தந்தி தந்த மார்க்கோனி

குன்றுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி வெடித்தது.

வீட்டில் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞன் துள்ளி எழுந்தான்.

அது வேட்டைக்காரன் சுட்ட வேட்டு அல்ல. செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளம். அவன் அனுப்பிய சிக்னல் குன்றைத் தாண்டிப் போய், மறுபக்கம் இருந்த கருவிக்குக் கிடைத்துவிட்டது. நடுவே கம்பி கிடையாது. அனுப்பியவனும் வாங்கியவனும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் முடியாது.

இது நடந்தது 1895ஆம் ஆண்டில். இடம், இத்தாலி நாட்டில் பொலோனா நகரத்தை அடுத்த பொன்டெக்கியோ கிராமம். இளைஞனின் பெயர் குலியெல்மோ மார்க்கோனி. வயது 21.

இன்று நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கம்பி இல்லாமலே செய்தி வருகிறது. அதை வைஃபை என்கிறோம். சில நாள் அது வருவதில்லை. ரௌட்டரைத் தூக்கி ஜன்னல் ஓரம் வைக்கிறோம். அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டு இணைப்பு குறுக்கே வருகிறது என்று அலுத்துக் கொள்கிறோம். இதே தொல்லைகளோடு ஆயுள் முழுவதும் மல்லுக்கு நின்றவர் மார்க்கோனி.

பட்டுப்புழு அறை

மார்க்கோனி பிறந்தது 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி. தகப்பனார் ஜியுசெப்பே வசதியான நிலச்சுவான்தார். தாயார் ஆனி, அயர்லாந்து தேசத்தவர். பெயர் பெற்ற சாராய ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர்.

பையன் கல்லூரிப் பட்டம் எதுவும் வாங்கவில்லை. எப்போது பார்த்தாலும் கம்பியும் பாட்டரியுமாகத் திரிந்தான். தகப்பனாருக்கு அது பிடிக்கவில்லை. தாயார்தான் பரிந்து பேசினார்.

ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, கண்ணுக்குத் தெரியாத மின் அலைகள் உண்டு என்று நிரூபித்தவர். அவர் 1894ஆம் ஆண்டு இளம் வயதிலேயே இறந்து போனார். அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றை மார்க்கோனி படித்தான். இந்த அலையிலே தந்தி அனுப்பினால் என்ன என்ற எண்ணம் அவனைப் பற்றிக் கொண்டது.

வீட்டு மாடியில், ஒரு காலத்தில் பட்டுப்புழுத் தட்டுகள் வைத்திருந்த அறையில் வேலை ஆரம்பமாயிற்று.

அலையை வாங்கும் கருவி வேடிக்கையானது. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே நிக்கல் தூளும் கொஞ்சம் வெள்ளித் தூளும் இருக்கும். சாதாரணமாக அந்தத் தூள் வழியே மின்சாரம் சரியாக ஓடாது. அலை வந்து தாக்கினால் தூள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். உடனே மின்சாரம் ஓடும். மணி அடிக்கும்.

ஆனால் ஒட்டிய தூள் தானாகப் பிரியாது. சின்னச் சுத்தியல் ஒன்று குழாயைத் தட்ட வேண்டும். தட்டினால்தான் அடுத்த சிக்னல் தெரியும். ஓடாத கருவியை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது நம் வீடுகளிலும் உண்டு. மார்க்கோனியின் கருவிக்கு அந்தத் தட்டுதான் உயிர்.

இந்தக் குழாயை அவன் கண்டுபிடிக்கவில்லை. பிரான்சு தேசத்துப் பிரான்லி முதலானவர்கள் ஏற்கெனவே செய்து காட்டியதுதான். மார்க்கோனி செய்ததெல்லாம் திருத்தியது. தூளின் அளவை மாற்றினான். குழாயைச் சிறிதாக்கினான். இப்படி மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

முதலில் அறைக்குள் மணி அடித்தது. பிறகு தோட்டத்தில் அடித்தது. அதற்கு மேல் தூரம் போகவில்லை. அப்போது ஒரு காரியம் செய்தான். கருவியின் ஒரு நுனியைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினான். மறு நுனியை மண்ணில் புதைத்தான். தூரம் மளமளவென்று கூடிற்று.

கண்ணுக்கு எட்டிய மட்டும், சிக்னல் கிடைத்ததும் கைக்குட்டையை ஆட்டிக் காட்டினார்கள். குன்றுக்குப் பின்னால் போனபின் கைக்குட்டை எப்படித் தெரியும்? அதனால்தான் அண்ணன் அல்போன்சோவின் கோஷ்டி துப்பாக்கியோடு போயிற்று.

கடற்கரையில் இருபது கஜம் கம்பி

1896ஆம் ஆண்டு தாயாரும் மகனும் லண்டனுக்குப் புறப்பட்டார்கள். சுங்கச் சாவடிக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்து, கருவிகளை உடைத்துவிட்டார்கள் என்று குடும்பத்தில் சொல்வதுண்டு. மார்க்கோனி மறுபடி உட்கார்ந்து செய்தான்.

தபால் இலாகாவின் தலைமை எஞ்சினீயர் வில்லியம் பிரீஸ் என்பவர் அவனுக்குக் கை கொடுத்தார்.

1897ஆம் ஆண்டு மே மாதம். கடல் நடுவே உள்ள ஒரு தீவில் இருந்து வேல்ஸ் கரைக்குச் செய்தி அனுப்பும் சோதனை. தூரம் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பெரிய மனிதர்கள் பார்க்க வந்திருந்தார்கள்.

செய்தி வரவில்லை! மறுநாளும் சரிப்படவில்லை.

மூன்றாவது நாள், வாங்கும் கருவியைச் செங்குத்தான மேட்டில் இருந்து கீழே கடற்கரைக்குத் தூக்கி வந்தார்கள். மேலே நின்ற கம்பத்தோடு இன்னும் இருபது கஜம் கம்பி சேர்த்து இணைத்தார்கள். கம்பியின் மொத்த உயரம் ஐம்பது கஜம் ஆயிற்று. செய்தி தெளிவாக வந்தது!

கருவியில் கோளாறே இல்லை. கம்பியின் நீளமும் கருவி இருந்த இடமும்தான் கோளாறு. வீட்டு ரௌட்டரை அலமாரிக்குப் பின்னால் இருந்து எடுத்து உயரத்தில் வைத்ததும் சரியாகிவிடுகிறதே, அதைப் போல.

மந்திரவாதி செய்த குறும்பு

இனி அடுத்த தொல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேர் சிக்னல் அனுப்பினால் இரண்டும் கலந்து குழம்பும். ஒருவர் செய்தியும் உருப்படாது.

இதற்கு வழி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு அலைநீளத்தில் அனுப்புவது. வாங்குபவர் தமக்கு வேண்டிய அலைக்கு மட்டும் கருவியைச் சுருதி சேர்த்துக் கொள்வது. 1900ஆம் ஆண்டு மார்க்கோனி இதற்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். அதன் எண் 7777. ஒரே கட்டடத்தில் பத்து ரௌட்டர் இருந்தால் சேனலை மாற்றி வைக்கச் சொல்கிறார்களே, அதுவும் இதே வித்தைதான்.

ஆனால் இந்தப் புகழ் முழுவதும் அவருக்கே சேராது. ஆலிவர் லாட்ஜ் என்ற ஆங்கிலேயர் 1897ஆம் ஆண்டிலேயே சுருதி சேர்க்கும் முறைக்கு உரிமை கேட்டிருந்தார். பிறகு மார்க்கோனி கம்பெனி அந்த உரிமையை விலை கொடுத்து வாங்கியது.

சுருதி சேர்த்துவிட்டால் பிறர் ஒட்டுக் கேட்க முடியாது என்று மார்க்கோனி பெருமையாகச் சொல்லி வந்தார். அதற்கு 1903ஆம் ஆண்டு ஜூன் மாதம் அடி விழுந்தது.

லண்டனில் ஒரு சபை. பேராசிரியர் பிளெமிங் பேசிக் கொண்டிருந்தார். தூரத்தில் இருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தியைச் சபையில் வாங்கிக் காட்ட ஏற்பாடு. அந்தச் செய்தி வருமுன், கருவி தானாகத் தட்டத் தொடங்கிற்று. வந்தது கேலி வார்த்தை! பிறகு இத்தாலிக்காரரைக் கிண்டல் செய்யும் பாட்டு!

அனுப்பியவர் நெவில் மாஸ்கலின். மேடையில் மந்திர வேடிக்கை காட்டுபவர். பிளெமிங் பத்திரிகையில் எழுதிக் கொதித்தார். மாஸ்கலின் தாம்தான் செய்ததாக ஒப்புக்கொண்டு, இந்தத் தந்தி அவ்வளவு பத்திரமானதல்ல என்று காட்டவே செய்ததாகச் சொன்னார். குறும்புதான். ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை. வைஃபைக்குப் பாஸ்வேர்ட் வைக்காத வீட்டில் இன்றும் அந்நியர் நுழைந்துவிடலாம்.

பட்டத்தின் வாலில் கம்பி

இதற்கு முன்பே, 1901ஆம் ஆண்டில், மார்க்கோனி ஒரு பெரிய பந்தயத்தில் இறங்கியிருந்தார். அட்லாண்டிக் மகா சமுத்திரத்தைத் தாண்டிச் செய்தி அனுப்ப வேண்டும்!

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பொல்து என்ற இடத்தில் இருபது கம்பங்கள் வட்டமாக நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் 200 அடி உயரம். செப்டம்பர் மாதம் புயல் வந்தது. எல்லாம் சாய்ந்தன. அமெரிக்கக் கரையில் நட்ட கம்பங்களும் நவம்பரில் விழுந்தன.

மார்க்கோனி காத்திருக்கவில்லை. பொல்துவில் சின்ன ஏரியல் ஒன்றைக் கட்டச் சொல்லிவிட்டு, பலூன்களையும் பட்டங்களையும் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். நியூபவுண்ட்லாந்தில் சிக்னல் குன்று என்ற இடத்தில் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றில் கருவியை வைத்தார்.

ஒரு பலூன் காற்றில் பறிகொடுக்கப்பட்டது. ஒரு பட்டமும் அறுந்து போயிற்று. டிசம்பர் 12ஆம் தேதி இன்னொரு பட்டத்தை விட்டார்கள். அதில் சுமார் 500 அடிக் கம்பி. காற்றில் பட்டம் ஏறி இறங்கியது. கம்பியும் ஆடியது. வழக்கமான கருவி அதற்கு ஒத்துவரவில்லை. மார்க்கோனி அதை ஒதுக்கிவிட்டு, பாதரசம் உள்ள வேறொரு குழாயைப் பொருத்தி, டெலிபோன் குழலைக் காதில் வைத்துக் கேட்டார். அந்தப் பாதரசக் குழாயின் மூலம் நம் ஜகதீச சந்திர போஸ் 1899ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சிதான் என்று சில ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார்கள்.

பகல் பன்னிரண்டரை மணி. மூன்று புள்ளிகள். மோர்ஸ் முறையில் எஸ் என்ற எழுத்து. மார்க்கோனி குழலை உதவியாளர் கெம்பிடம் கொடுத்தார். கெம்பும் கேட்டார்.

பொல்துவுக்கும் அந்தக் குன்றுக்கும் சுமார் 3,500 கிலோமீட்டர்!

உலகம் வியந்தது. சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். சாட்சி இரண்டு பேரின் காது மட்டுமே. பட்டப்பகலில் அந்த அலை அவ்வளவு தூரம் வந்திருக்குமா என்று கேட்கும் எஞ்சினீயர்கள் இன்றும் உண்டு.

மார்க்கோனி சண்டை போடவில்லை. 1902ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் ஏறினார். இந்தத் தடவை சிக்னல் காகித நாடாவில் பதிவாகும்படி செய்தார். கப்பல் காப்டனே பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இரவில் 2,000 மைலுக்கு அப்பாலும் எஸ் எழுத்து வந்தது. பகலிலோ 700 மைலோடு நின்று போயிற்று. அதே கருவி, அதே கம்பி. இரவில் எட்டுகிற தூரம் பகலில் எட்டவில்லை!

காரணம் அவருக்குத் தெரியவில்லை. வானத்தின் மேல் அடுக்கில் மின்னேற்றம் பெற்ற காற்று உண்டு; அது அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று கென்னெல்லி, ஹெவிசைட் என்ற இருவர் அதே ஆண்டு கூறினார்கள். பகலில் சூரிய ஒளியால் கீழ் அடுக்கும் மின்னேற்றம் பெற்று அலையை விழுங்கிவிடுகிறது என்பது பின்னால் விளங்கிற்று.

டைட்டானிக்கில் ஒரு ரிப்பேர்

1909ஆம் ஆண்டு மார்க்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மனியின் பிரவுன் என்ற விஞ்ஞானியும் அதில் பங்கு பெற்றார்.

அதற்குள் பெரிய கப்பல்களில் எல்லாம் கம்பியில்லாத் தந்தி அறைகள் வந்துவிட்டன. அங்கே இருந்த வாலிபர்கள் பலர் மார்க்கோனி கம்பெனி ஆட்கள். டைட்டானிக் கப்பலில் இருந்தவர்கள் ஜாக் பிலிப்ஸ், ஹரால்டு பிரைடு. பிலிப்ஸுக்கு வயது 25, பிரைடுக்கு 22.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி இரவு, டைட்டானிக்கின் தந்திக் கருவி பழுதாகிவிட்டது. இருவரும் விடிய விடிய உட்கார்ந்தார்கள். உள்ளே ஒரு கம்பியின் காப்பு எரிந்து போயிருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, 13ஆம் தேதி அதிகாலையில் சரி செய்தார்கள்.

14ஆம் தேதி இரவு 11.40 மணிக்குக் கப்பல் பனிப்பாறையில் மோதிற்று.

பிலிப்ஸ் அபாயச் செய்தியை அனுப்பிக் கொண்டே இருந்தார். கார்பேத்தியா என்ற கப்பலின் தந்திக்காரர் தூங்கப் போகும் சமயம். காதில் குழலை இன்னும் கழற்றவில்லை. செய்தி கேட்டது. கார்பேத்தியா முழு வேகத்தில் திரும்பிற்று. படகுகளில் தத்தளித்த எழுநூறுக்குச் சற்று அதிகமானவர்களை அது ஏற்றிக் கொண்டது. சுமார் 1,500 பேர் மாண்டார்கள். பிலிப்ஸும் அவர்களில் ஒருவர்.

கலிபோர்னியன் என்ற கப்பல் இன்னும் அருகில் நின்றது. அதில் இருந்த ஒரே தந்திக்காரர் வேலை முடித்துப் படுத்துவிட்டார். கேட்க ஆள் இல்லை. இதன் பிறகுதான் பெரிய கப்பல்களில் இரவும் பகலும் தந்தி அறையில் ஆள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

மார்க்கோனி அப்போது நியூயார்க்கில் இருந்தார். கார்பேத்தியா துறைமுகம் வந்ததும் உள்ளே போய்ப் பிரைடைப் பார்த்தார். காலில் காயத்தோடு இருந்த அந்த வாலிபன், வழியெல்லாம் கார்பேத்தியாவின் தந்தி அறையிலும் வேலை செய்து வந்திருந்தான்.

அதே ஆண்டு ஒரு கார் விபத்தில் மார்க்கோனி வலது கண்ணை இழந்தார்.

கடைசி ஆண்டுகள்

பிற்காலத்தில் அவர் எலெட்ரா என்ற உல்லாசக் கப்பலை வாங்கி, அதையே ஆராய்ச்சிக் கூடம் ஆக்கினார். நீளமான அலைகளை விட்டுவிட்டுக் குறுகிய அலைகளைப் பிடித்தார். அதில் குறைந்த மின்சாரம் போதும். விளக்கின் ஒளியைப் போல ஒரே திசையில் திருப்பியும் அனுப்பலாம். 1927ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே இந்த முறையில் தந்தி தொடங்கிற்று. 1930ஆம் ஆண்டு மார்ச்சில், இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்தில் இருந்தபடியே ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் விளக்குகளை எரியச் செய்தார்.

பொல்துவின் அலை பல நூறு மீட்டர் நீளம். 1930களின் ஆரம்பத்தில் அவர் ஒரு மீட்டருக்கும் குறைந்த அலையில் வாத்திகனில் போப்பாண்டவருக்காகத் தொடர்பு அமைத்துக் கொடுத்தார். நம் வீட்டு வைஃபை அலை சுமார் 12 சென்டிமீட்டர். சில ரௌட்டர்களில் அதில் பாதி. அலை குறுகக் குறுகச் சுவர் தடுப்பது அதிகம். அடுத்த அறையில் வருவது சமையலறையில் வராமல் போவது அதனால்தான்.

அவர் வாழ்க்கையில் கறையும் உண்டு. 1923ஆம் ஆண்டு முசோலினியின் பாசிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். பிறகு இத்தாலிய ராஜாங்கக் கலைக் கழகத்தின் தலைவர் ஆனார். அங்கே சேர விண்ணப்பித்த யூதர்களின் பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் போட்டு ஒதுக்கியது, பழைய காகிதங்களில் இருந்து பின்னால் தெரிய வந்தது. கடலில் தவித்தவர்களுக்கு எல்லாம் உதவிய கருவியைத் தந்தவர், இந்த விஷயத்தில் தாழ்ந்து போனார்.

1937ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி ரோம் நகரில் மாரடைப்பால் காலமானார். வயது 63.

மறுநாள் மாலை சவ அடக்கச் சடங்கு. அந்த நேரத்தில் பல தேசங்களின் ரேடியோ நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தின. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, தந்தி இல்லை. இரண்டு நிமிடம் முடிந்ததும், காதில் குழல் மாட்டிக் காத்திருந்த தந்திக்காரர்கள் மறுபடி வேலையைத் தொடங்கினார்கள்.