கூடாரம் போட்ட டாக்டர்: மனநல மருத்துவமனைக்குள் குடும்பம் வந்தது எப்படி?

சென்னையில் ஒருத்தரைக் கேலி பண்ண 'கீழ்ப்பாக்கம்' என்பார்கள். கோட்டுகால், பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் அதே கேலிக்கு 'ஊளம்பாறை'. திருவனந்தபுரத்தில் 1870-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. ஊர்ப்பெயரே வசவாக மாறியதற்கு, உள்ளே போனால் திரும்ப முடியாது என்ற பயம்தான் அடிப்படை.

அந்தப் பயத்தைப் பெரிய அளவில் உடைத்துக் காட்டியவர் டாக்டர் வித்யாசாகர். வங்காளத்து ஈஸ்வர் சந்திர வித்யாசாகர் இல்லை, இவர் பஞ்சாப்காரர், மனநல மருத்துவர்.

அவர் வேலை பார்த்த காலத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். 1946-ல் ஜோசப் போர் தலைமையிலான கமிட்டி அறிக்கை தந்தபோது, சுமார் 40 கோடி பேருக்கு மனநல மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் சுமார் 10,000. அதாவது 40,000 பேருக்கு ஒன்று. இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒன்று.

அடுத்த ஆண்டு பிரிவினை. லாகூர் மருத்துவமனை பாகிஸ்தானுக்குப் போனது. அங்கிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950-ல் எல்லை தாண்டி அமிர்தசரஸுக்கு அனுப்பப்பட்டார்கள். மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதைக்குப் பின்னணி இந்தப் பரிமாற்றம்தான். 1950-களில் அமிர்தசரஸ் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் வித்யாசாகர். நோயாளிகள் அதிகம், கவனிக்க ஆள் கிடையாது.

சரி, அவர் என்ன செஞ்சார்? ராணுவத்திடம் கூடாரங்கள் வாங்கி வளாகத்திலேயே அடித்தார். நோயாளியோடு சொந்தக்காரங்களும் வந்து தங்கச் சொன்னார். அம்மாவோ, அண்ணனோ, மனைவியோ பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள். குடும்பங்களைக் கூட்டமாக உட்கார வைத்து, இது பேய் இல்லை, பாவத்துக்கான தண்டனையும் இல்லை, நோய் என்று டாக்டரே விளக்கினார்.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள். அதைவிட முக்கியம், வீட்டுக்குப் போனார்கள். குணமாவதைக் குடும்பமே பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டதே! அப்புறம் எப்படிக் கைவிட முடியும்?

பின்னாளில் அவர் ரோத்தக் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். 1978-ல் இறந்தார். எழுதிவைத்தது குறைவு, ஆனால் முறை பரவியது. வேலூர் சி.எம்.சி. 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் குடும்பத்தோடு தங்குவதுதான் வழக்கம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. ஆள் பற்றாக்குறையில் பிறந்த யோசனை இது. நர்ஸ் செய்ய வேண்டியதை அம்மா செய்தார், கூலி இல்லாமல். யாருமே இல்லாத நோயாளிக்குக் கூடாரத்தில் யார் உட்காருவார்? அவர்களுக்கு அமிர்தசரஸ் முறை பெரிதாகப் பதில் சொல்லவில்லை. குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்ல 2017 வரை ஆனது.