ரெண்டு வால்வு, ரெண்டு மோட்டார், ஒரு ‘ஆமை’... ரோபோவுக்குப் பசி காட்டிய கிரே வால்டர்!

ரோபோ வேக்வம் கிளீனர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்களா? சோபா காலில் முட்டும். திரும்பும். வேறு பக்கம் போகும். சார்ஜ் குறைந்துவிட்டால், யாரும் சொல்லாமலே தன் இடத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பசி எடுத்துவிட்டது போல என்று பரிதாபப்படுகிற பாட்டிகளும் உண்டு.

இந்தக் காட்சி புதுசு இல்லைங்க. 1940-களின் கடைசியிலேயே இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், ஒரு வீட்டின் தரையில் இதே வேலையைச் செய்துகொண்டு இரண்டு இயந்திர ஆமைகள் சுற்றின. அப்போது சிலிக்கான் சிப் கிடையாது. பர்சனல் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையே கிடையாது. அந்த ஆமைகளுக்குள் ஒரு வரி புரோகிராம்கூட இல்லை.

அவற்றைச் செய்தவர் இன்ஜினீயரும் இல்லை. மனித மூளையின் மின்சாரத்தை அளந்துகொண்டிருந்த ஓர் ஆராய்ச்சியாளர். பெயர், வில்லியம் கிரே வால்டர்.

இன்று சோலார் பேனலும் பழைய மோட்டாரும் வைத்து குட்டிக் குட்டி ரோபோக்கள் செய்யும் ஹாபி உலகத்துக்கு இவர் ஒரு கொள்ளுத்தாத்தா மாதிரி. அவருடைய கதை எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? ஒரு தோல்வியில்!

கேம்பிரிட்ஜ் கைவிட்டது

1910 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் பிறந்தார் வால்டர். அப்பா இங்கிலாந்துக்காரர், அம்மா அமெரிக்கர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915-ல் குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி என்று படிப்பு நன்றாகவே போனது.

ஆனால், படிப்பு முடிந்து அங்கேயே ஆராய்ச்சியாளராகத் தொடர நினைத்தபோது, அதற்கான ஃபெல்லோஷிப் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு விஞ்ஞானிக்கு கேம்பிரிட்ஜ் கதவு மூடினால், பாதி உலகம் மூடிய மாதிரி. வால்டர் லண்டன் மருத்துவமனைகளின் ஆய்வுக்கூடங்களுக்கு வேலைக்குப் போனார்.

அதுதான் அவர் வாழ்க்கையின் திருப்புமுனை. மனித மூளையிலிருந்து மெல்லிய மின் அலைகள் வருவதை ஜெர்மனியைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் வெளியிட்டிருந்தார். முதலில் பலர் நம்பவே இல்லை. வால்டர் நேரில் போய் பெர்கரின் ஆய்வுக்கூடத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, அதைவிட மேலான கருவிகளைத் தானே செய்ய ஆரம்பித்தார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இந்த முறையைத்தான் இன்று இ.இ.ஜி. என்கிறோம்.

1936-ல் அவர் செய்த வேலை மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மூளையில் கட்டி இருக்கும் இடத்தைச் சுற்றி, வழக்கத்தைவிட மெதுவான அலைகள் வருவதை அவர் கண்டார். அவற்றுக்கு டெல்டா அலைகள் என்று பெயரிட்டார். மண்டையைத் திறக்காமலே, கட்டி எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து கணிக்க முடிந்தது. ஸ்கேன் எல்லாம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய காலம் அது. எத்தனை நோயாளிகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

1939-ல் பிரிஸ்டலில் புதிதாகத் தொடங்கிய பர்டன் நரம்பியல் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அடுத்த 30 ஆண்டுகளுக்கு அதுதான் அவர் களம்.

ஒரு கேள்வி தூங்கவிடவில்லை

மூளையில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. அலைகளை அளக்கலாம், வரையலாம். ஆனால், வெறும் செல்களின் கூட்டம் எப்படி ஆசைப்படுகிறது, பயப்படுகிறது, பசித்தால் சாப்பாட்டைத் தேடிப் போகிறது?

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் கென்னத் கிரெய்க், வால்டரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோனார். தன் இலக்கைத் தானே தேடிப்போகும் இயந்திரங்கள் பற்றி இருவரும் நிறையப் பேசினார்கள். ஆனால், 1945-ல் சைக்கிளில் போகும்போது நடந்த விபத்தில் கிரெய்க் இறந்துபோனார். வயது 31தான்.

அந்த யோசனை வால்டரிடம் தங்கிவிட்டது. அவர் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார். பல கோடி செல்களைப் புரிந்துகொள்வது இருக்கட்டும். இரண்டே இரண்டு ‘செல்’ இருக்கும் ஓர் உயிர் எப்படி நடந்துகொள்ளும்? அதைச் செய்தே பார்த்துவிட்டால் என்ன?

எல்மர், எல்சி வந்தாச்சு!

1948-49 காலகட்டத்தில் வால்டரும், இ.இ.ஜி. துறையிலேயே வேலை பார்த்த அவர் மனைவி விவியன் டோவியும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். போர் முடிந்து மிச்சமாகிப்போன ராணுவ உதிரிப்பாகங்கள், பழைய கடிகாரம், கேஸ் மீட்டர் ஆகியவற்றின் பல்சக்கரங்கள்... இப்படிக் கிடைத்ததை வைத்தே ரோபோ தயாரானது. முதலில் எல்மர், அடுத்து எல்சி. மூன்று சக்கரம், மேலே ஆமை ஓடு மாதிரி ஒரு மூடி.

உள்ளே என்ன இருந்தது? இரண்டு வால்வு. தாத்தா காலத்து ரேடியோவில் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அதே வகை. இரண்டு ரிலே. ஒன்று ஓட்ட, ஒன்று திருப்ப என இரண்டு மோட்டார். வெளிச்சத்தை உணர ஒரு போட்டோசெல். ஓடு எதன்மேலாவது இடித்தால் தெரிய ஒரு சுவிட்ச். பேட்டரி. அவ்வளவுதான்!

இதை வைத்துக்கொண்டு எல்சி செய்த வேலையைப் பாருங்கள்.

இருட்டாக இருந்தால், முன்சக்கரமும் போட்டோசெல்லும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஆமை எதையோ தேடுவது போல வளைந்து வளைந்து ஊரும். மிதமான வெளிச்சம் கண்ணில் பட்டால் சுற்றுவது நிற்கும், நேராக அதை நோக்கி ஓடும். பக்கத்தில் போய் வெளிச்சம் ரொம்ப அதிகமானால் விலகிப்போகும். வழியில் நாற்காலி இடித்தால், வெளிச்சத்தை மறந்துவிட்டு, முட்டி மோதித் திரும்பி, தப்பித்த பிறகுதான் மறுபடி தேட ஆரம்பிக்கும்.

இதில் செம மேட்டர், அந்தப் பசிதான். ஆமைக்கு ஒரு கூண்டு உண்டு. உள்ளே பிரகாசமான விளக்கும் சார்ஜ் ஏற்றும் இணைப்பும் இருக்கும். பேட்டரி நிறைந்திருக்கும்போது அந்த வெளிச்சம் ஆமைக்குக் கண்கூசும், கிட்டேயே போகாது. பேட்டரி இறங்க இறங்க, சர்க்யூட்டின் உணர்திறனும் இறங்கும். கண்கூசிய அதே விளக்கு, இப்போது மிதமான வெளிச்சமாகத் தெரியும். உடனே நேராகக் கூண்டுக்குள் போகும், சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். வயிறு நிறைந்ததும் அதே விளக்கு மறுபடி கூசும். வெளியே கிளம்பிவிடும்.

கவனியுங்கள், சார்ஜ் குறைந்தால் வீட்டுக்குப் போ என்று யாரும் அதற்குக் கட்டளை எழுதவில்லை. பேட்டரியின் பலவீனமே பசியாக மாறியது.

கண்ணாடி முன்னால் ஒரு டான்ஸ்

திருப்பும் மோட்டார் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, ஆமையின் முன்னால் ஒரு சின்ன பல்ப் வைத்திருந்தார் வால்டர். அந்த மோட்டார் ஓடினால் எரியும், நின்றால் அணையும். வெறும் இண்டிகேட்டர், வேறு எந்த நோக்கமும் இல்லை.

அந்த பல்பே ஒரு ஆச்சர்யத்தைக் கொண்டுவந்தது. கண்ணாடி முன்னால் போன ஆமை, தன் பல்பின் பிம்பத்தைப் பார்த்தது. வெளிச்சம் தெரிந்ததும் திரும்புவது நின்றது. திரும்புவது நின்றதால் பல்ப் அணைந்தது. பல்ப் அணைந்ததும் வெளிச்சம் காணோம் என்று மறுபடி திரும்ப ஆரம்பித்தது. பல்ப் எரிந்தது. இப்படியே மினுக் மினுக்கென்று கண்ணாடி முன்னால் நடனமாடியது! இரண்டு ஆமைகள் எதிரெதிரே வந்தாலும் இதே ஆட்டம்தான்.

இதை ஒரு விலங்கு செய்திருந்தால், தன்னைத்தானே அடையாளம் கண்டுகொள்கிறது என்று நாம் சொல்லியிருப்போம் இல்லையா? வால்டர் மற்றவர்கள் முன்னால் வைத்த சவாலும் அதுதான். ஓர் உயிர் சிக்கலாக நடந்துகொள்வதாலேயே, அதன் உள்ளே இருப்பதும் சிக்கலாகத்தான் இருக்க வேண்டுமா?

ஆமைகளின் முதுகில் மெழுகுவத்தியை ஏற்றி, இருட்டு அறையில் கேமரா ஷட்டரை நீண்டநேரம் திறந்துவைத்து, அவை போன பாதையைப் புகைப்படமாகவும் எடுத்தார்கள். வளைந்து நெளிந்து ஓடும் அந்த ஒளிக்கோடுகள் இன்றும் ரோபோ வரலாற்றில் பிரபலம்.

1950-ல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஆமைகள் பற்றி எழுதினார். 1951-ல் ‘ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்’ விழாவில் பொதுமக்கள் முன்னால் ஆமைகள் ஓடின. இந்தப் புதிய ஆமைகளைச் செய்துகொடுத்தவர், ஆய்வு நிலையத்தின் டெக்னீஷியன் பன்னி வாரன். 1953-ல் ‘தி லிவிங் பிரெய்ன்’ புத்தகம் வந்தது.

இதெல்லாம் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்கியவர்களும் உண்டு. ஆனால், வால்டரின் மூளை ஆராய்ச்சி நிற்கவில்லை. நாம் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது மூளையில் ஒரு தனி மின் அலை எழுவதை 1964-ல் அவருடைய குழு கண்டுபிடித்தது. மூளை அறிவியலில் இன்றும் பேசப்படும் கண்டுபிடிப்பு அது.

ஒரு குதிரை... ஒரு ஸ்கூட்டர்

1970-ல், 60 வயதில், வால்டர் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். கட்டறுத்து ஓடிவந்த குதிரை ஒன்று அவர்மேல் மோதியது. தலையில் பலத்த அடி. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் மூளையைப் படித்த மனிதருக்கு, தன் மூளையிலேயே காயம்.

உயிர் பிழைத்தார். ஆனால், பழைய வால்டர் திரும்பி வரவில்லை. அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. இரண்டு வால்வில் முட்டி மோதி, திரும்பி, மறுபடி வெளிச்சத்தைத் தேடும் உயிரைச் செய்துகாட்டியவர் அவர். நிஜ மூளை அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லை. 1977 மே 6 அன்று காலமானார்.

ஆமையின் பேரப்பிள்ளைகள்

கதை அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு பையன் ‘தி லிவிங் பிரெய்ன்’ புத்தகத்தைப் படித்தான். வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்து ஓர் ஆமையைத் தானே செய்தான். அந்தப் பையன்தான் ரோட்னி புரூக்ஸ். பிற்காலத்தில் எம்.ஐ.டி. பேராசிரியர். ‘ரூம்பா’ வேக்வம் கிளீனரைக் கொண்டுவந்த ஐரோபோட் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். ஆரம்பத்தில் சொன்ன அந்த வேக்வம் கிளீனரின் பசி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு பேரன், மார்க் டில்டன். கனடாவில் இருந்தபோது, புரூக்ஸின் சிந்தனையிலிருந்து உந்துதல் பெற்று, ‘பீம்’ என்ற ரோபோ ஹாபியைத் தொடங்கிவைத்தார். மைக்ரோபிராசஸர் வேண்டாம், புரோகிராம் வேண்டாம். குறைந்த பாகங்கள், முடிந்தால் பழைய பாகங்கள், சாப்பாட்டுக்குச் சூரிய வெளிச்சம். இதுதான் பீம் பாணி.

இதன் இதயம் ‘சோலார் இன்ஜின்’ என்ற சின்ன சர்க்யூட். கால்குலேட்டர் சைஸ் சோலார் பேனலால் ஒரு மோட்டாரை நேரடியாக ஓட்ட முடியாது. கரன்ட் போதாது. அதனால் என்ன செய்கிறார்கள்? பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பெரிய கெபாசிட்டரில் சேமிக்கிறார்கள். சொட்டுச் சொட்டாக வாளியை நிரப்புகிற மாதிரி. வோல்டேஜ் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் சர்க்யூட் திறந்துகொள்ளும். சேர்ந்த மின்சாரம் மொத்தமும் மோட்டாருக்குப் பாயும். ரோபோ ஒரு துள்ளு துள்ளும். மறுபடி சேமிப்பு, மறுபடி துள்ளல்.

எளிமையான ஒரு வகைக்கு என்.பி.என். டிரான்சிஸ்டர் ஒன்று, பி.என்.பி. ஒன்று, தானாக மினுக்கும் எல்.இ.டி. ஒன்று, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், பேனல், மோட்டார் போதும். பழைய போனின் வைப்ரேட்டர் மோட்டாரையே பலர் பயன்படுத்துகிறார்கள். இரண்டு மோட்டார், இரண்டு ஒளி உணரி வைத்தால், அது எல்சி மாதிரியே வெளிச்சம் இருக்கும் பக்கம் திரும்பித் திரும்பிப் போகும்.

முதல்முறை செய்யும்போது ஓடாமல் போகலாம். பேனல் தரும் வோல்டேஜ் அந்தக் குறிப்பிட்ட அளவை எட்டாவிட்டால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மோட்டார் அசையாது. பதற வேண்டாம். பாகங்கள் ஏழெட்டுதான், தப்பு எங்கே என்று தேடுவதும் சுலபம்.

ஃபெல்லோஷிப் கிடைக்காத ஒரு கேம்பிரிட்ஜ் மாணவர், பழைய கடிகாரச் சக்கரங்களை வைத்து எழுப்பிய கேள்வி இன்னும் முடியவில்லை. உங்கள் மேஜைமேல் வெயில் படும் இடத்தில் ஒரு குட்டி ரோபோ முதல் துள்ளல் துள்ளும்போது, அதற்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றும். வைத்துவிடுங்கள். வால்டரும் அதைத்தான் செய்தார்!