தடுக்கும் ஆற்றலைத் தேடியவர்: தியோடர் போவெரி

நுழையும்முன்

விரலில் காயம் பட்டால் தோல் வளர்ந்து அதனை மூடுகிறது. மூடியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. வளர்ச்சியைத் தொடங்கி வைப்பது எது என்று வினவியோர் பலர். அதனை உரிய இடத்தில் நிறுத்தி வைப்பது எது என்று வினவியோர் சிலரே. அந்தச் சிலருள் முன்னோடியாக விளங்கியவர், ஜெர்மனி நாட்டு உயிரியல் அறிஞர் தியோடர் போவெரி. புற்றுநோயின் வேரை அவர் நோயாளியின் உடலில் தேடவில்லை; கடல்வாழ் சிற்றுயிர் ஒன்றின் முட்டையில் கண்டார். அவருடைய வாழ்க்கையை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

இளமையும் கல்வியும்

பவேரியப் பகுதியிலுள்ள பாம்பெர்க் நகரில் 1862ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் போவெரி பிறந்தார். தந்தை மருத்துவர். உடன்பிறந்தோருள் ஒருவரான வால்டர், பின்னாளில் சுவிட்சர்லாந்தில் புகழ்பெற்ற மின்பொறி நிறுவனம் ஒன்றை நிறுவியவர்களுள் ஒருவரானார். தியோடருக்கோ இளமையிலேயே இசையிலும் ஓவியத்திலும் ஈடுபாடு மிகுந்திருந்தது. இவ்வீடுபாடு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1881ஆம் ஆண்டு மியூனிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவர் தேர்ந்தெடுத்தவை வரலாறும் மெய்யியலும் ஆகும். விரைவிலேயே அவர் மனம் உடற்கூற்றியலின்பால் திரும்பியது. நரம்பிழைகளைப் பற்றி ஆராய்ந்து 1885ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் கிடைத்த உதவித்தொகை அவரைப் பொருட்கவலையிலிருந்து விடுவித்தது. ரிச்சர்டு ஹெர்ட்விக் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் செல்லின் உட்புறத்தை நுண்ணோக்கியால் ஆராயத் தொடங்கினார்.

குரோமோசோம்களின் தனித்தன்மை

செல் இரண்டாகப் பிரியும்போது அதன் உட்கருவில் நூல் போன்ற குரோமோசோம்கள் தோன்றும். பிரிந்து முடிந்ததும் அவை கண்ணுக்குப் புலப்படாமல் மறையும். மறைந்தவை கரைந்துவிடுகின்றனவா, தம் தன்மை குன்றாமல் உள்ளே இருக்கின்றனவா என்பது அக்காலத்தில் விடை காணப்படாத வினாவாகும். குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டையைப் போவெரி இவ்வாய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். அதில் குரோமோசோம்கள் மிகச் சிலவே. அளவிலும் அவை பெரியவை. அவை மறைந்த அமைப்பிலேயே மீண்டும் தோன்றுவதைக் கண்ட போவெரி, ஒவ்வொரு குரோமோசோமும் தன் தனித்தன்மையை இழப்பதில்லை என்று நிறுவினார். செல் பகுப்பை நெறிப்படுத்தும் நுண்ணுறுப்பை விரிவாக ஆராய்ந்து, அதற்குச் சென்ட்ரோசோம் என்று பெயர் சூட்டியவரும் அவரே.

1893ஆம் ஆண்டு வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ராண்ட்ஜன் அங்கு அவருக்கு உடன் பணியாற்றும் நண்பராக வாய்த்தார். அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் உயிரியல் கற்பித்துவந்த மார்செல்லா ஓகிரேடி, 1896ஆம் ஆண்டு ஆய்வின்பொருட்டு அங்கு வந்தார். அடுத்த ஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர். இல்லறத்தில் மட்டுமன்றி ஆய்வறத்திலும் மார்செல்லா அவருக்குத் துணையாக நின்றார்.

கடல் முட்டை கற்பித்த பாடம்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் புகழ்பெற்ற உயிரியல் ஆய்வு நிலையம் ஒன்று உண்டு. போவெரி அங்குப் பலமுறை சென்று தங்கி, முட்கள் சூழ்ந்த உருண்டை வடிவினதாகிய கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்தார். இயல்பாக ஒரு முட்டையுள் ஒரு விந்தணுவே நுழையும். விந்தணுக்களை மிகுதியாகச் சேர்த்தால் சில முட்டைகளுள் இரண்டு நுழைந்துவிடும். அத்தகைய முட்டை இரண்டாகப் பிரியாமல் ஒரே நேரத்தில் நான்காகப் பிரியும். அப்போது குரோமோசோம்கள் நான்கு செல்களுக்கும் ஒழுங்கின்றிப் பங்கிடப்படும். ஒரு செல்லுக்குச் சில மிகும். மற்றொன்றுக்குச் சில குறையும்.

இம்முட்டைகள் பெரும்பாலும் சிதைந்து அழிந்தன. போவெரி அந்நான்கு செல்களையும் தனித்தனியே பிரித்து வளர்த்துப் பார்த்தார். ஒரே முட்டையிலிருந்து வந்த அவை நான்கும் நான்கு விதமாக வளர்ந்தன. முட்டைகளைக் குலுக்கி மூன்றாகப் பிரியச் செய்தபோதோ, நலமுடன் வளர்ந்தவை மிகுதியாயின. நால்வருக்குப் பங்கிடுவதைவிட மூவருக்குப் பங்கிடும்போது ஒவ்வொருவருக்கும் முழுத் தொகுதி கிடைக்கும் வாய்ப்பு மிகுதியன்றோ? இதிலிருந்து, குரோமோசோம்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொன்றும் தனக்கேயுரிய பணியைச் செய்கிறது, அனைத்தும் கூடியிருந்தாலே வளர்ச்சி செவ்வையாக அமையும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். இது 1902ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க ஆய்வாளர் வால்டர் சட்டனும் ஒத்த கருத்தை எட்டியமையால், குரோமோசோம் வழி மரபுக் கோட்பாடு இருவர் பெயராலும் வழங்கப்படுகிறது.

புறக்கணிக்கப்பட்ட எண்ணம்

புற்றுக்கட்டிகளில் செல்கள் சமமின்றிப் பிரிவதை ஹான்செமன் என்னும் நோய்க்கூற்றியலார் முன்னரே 1890ஆம் ஆண்டில் கண்டிருந்தார். அதனையும் தம் முட்டைகளில் கண்டதையும் போவெரி இணைத்து நோக்கினார். குரோமோசோம்கள் தவறாகப் பங்கிடப்பட்ட செல்களுள் பெரும்பாலானவை இறந்துபோகும். ஆயினும் எங்கோ ஒரு செல், பிரிதலைத் தடுக்கும் பகுதியை மட்டும் இழந்து உயிர் பிழைத்துக்கொண்டால் என்னவாகும்? அது நிற்காமல் பெருகும். அதன் வழித்தோன்றல்களும் அவ்வாறே பெருகும். ஒற்றைச் செல்லிலிருந்து புற்றுக்கட்டி உருவாவது இவ்வாறே என அவர் எண்ணினார். 1902ஆம் ஆண்டு ஆய்வுரையிலேயே இதனைச் சுருக்கமாகக் குறிப்பிட்டார். புற்றுநோய் ஆய்வாளர்கள் இக்கருத்தை ஐயத்துடன் நோக்கியமையால், அதனை மேலும் வளர்க்காது ஒதுக்கி வைத்தார்.

ஒதுக்கினாலும் அவர் அதனை மறக்கவில்லை. உடல்நலம் குன்றிய நிலையில், பெர்லினில் தொடங்கவிருந்த உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு தேடிவந்தபோதும் அதனை ஏற்க மறுத்தார். எஞ்சிய வலிமையைக் கொண்டு, 1914ஆம் ஆண்டு புற்றுக்கட்டிகளின் தோற்றம் குறித்த சிறு நூலை வெளியிட்டார். இயல்பான செல்லில் பிரிதலைத் தூண்டும் குரோமோசோம்களும் தடுக்கும் குரோமோசோம்களும் இருக்கக்கூடும் என்றும், தடுப்பவை இழக்கப்படுவதே தீங்கின் தொடக்கமாகலாம் என்றும் அதில் விளக்கினார். புற்றுநோய்த் துறையில் தமக்கு நேரடிப் பட்டறிவு இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. தாம் கூறுவது கருதுகோளே என்பதை உணர்ந்து எழுதிய நேர்மை அந்நூலின் தனிச்சிறப்பாகும்.

அவ்வாண்டே முதல் உலகப்போர் மூண்டது. 1915ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், 53ஆம் பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாள், போவெரி மறைந்தார். தம் கருத்து மெய்யாவதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. மார்செல்லா 1929ஆம் ஆண்டு அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டு, கணவரின் எண்ணம் மறைந்துபோகாமல் காத்தார்.

திசுதோறும் வேறுபடும் காவல்

1971ஆம் ஆண்டு ஆல்பிரட் நுட்சன், குழந்தைகளைத் தாக்கும் விழித்திரைப் புற்றுநோயாளர் 48 பேரின் விவரங்களை ஆராய்ந்தார். இரண்டு நிகழ்வுகள் நேர்ந்தாலன்றி இந்நோய் தோன்றாது என்று அவர் கணித்தார். ஒரு மரபணுவின் இரு படிகளும் பழுதாவதே அவ்விரு நிகழ்வுகள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அம்மரபணு 1986ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட பி53 என்னும் புரதம் முதலில் புற்றைத் தூண்டுவதாகக் கருதப்பட்டது. அது புற்றைத் தடுப்பது என்பது பத்தாண்டுகள் கழித்தே தெரியவந்தது. போவெரி முழுக் குரோமோசோமிலும் தேடிய தடுக்கும் ஆற்றல், தனித்தனி மரபணுக்களிலும் அவை ஆக்கும் கட்டி அடக்கும் புரதங்களிலும் உள்ளது என இன்று அறிகிறோம்.

இக்காவல் உடலெங்கும் ஒரே அளவினதன்று. நலமான செல்லில் பி53 இடையறாது ஆக்கப்பட்டு, உடனுக்குடன் அழிக்கப்படுவதால் மிகக் குறைந்த அளவிலேயே இருக்கும். மரபுப்பொருள் சிதையும்போது அழிவு நின்று, அதன் அளவு உயரும். கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்ட எலிகளில், தைமஸ் சுரப்பி, மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, குடல் ஆகியவற்றின் செல்கள் இப்புரதத்தின் ஆணையால் விரைந்து மடிகின்றன. கல்லீரலும் தசையும் அவ்வாறு மடிவதில்லை. பி16 என்னும் மற்றொரு புரதம் இளந்திசுக்களில் அரிதாகவே காணப்படும், முதுமையில் மிகும். பழுதுபட்ட மரபணு உடலின் செல்கள் அனைத்திலும் பிறவியிலேயே இருந்தாலும், ஒன்று விழித்திரையையும், ஒன்று பெருங்குடலையும், வேறொன்று மார்பகத்தையும் சினைப்பையையும் முதன்மையாகத் தாக்குகிறது. ஒவ்வொரு திசுவும் எந்தக் காவலை மிகுதியாகச் சார்ந்துள்ளது என்பதை அறிவது, நோயை முன்னறியவும் மருந்தின் தீங்கைக் குறைக்கவும் துணைசெய்யும்.

நிறைவாக

நோயை அறிய விரும்புவோர் நோயுற்ற செல்லையே நோக்குவர். போவெரியோ நலமான செல்லை நோக்கி, அது ஏன் அடங்கி இருக்கிறது என்று வினவினார். ஆரவாரமின்றி நிகழும் அவ்வடக்கமே நம் உடலை ஒவ்வொரு நாளும் காத்து நிற்கிறது. புற்றுநோய் வல்லுநராக இல்லாத ஒருவர், கடல் முட்டையைப் பொறுமையுடன் உற்றுநோக்கி எழுப்பிய வினா, நூறாண்டுகளைக் கடந்தும் ஆய்வுக்கூடங்களில் உயிர்ப்புடன் விளங்குகிறது. ஏற்பார் இல்லாத காலத்திலும் உண்மையைத் தேடும் வினாவைக் கைவிடாதிருத்தல் அறிவியலாளரின் கடமை என்பதற்குப் போவெரியின் வாழ்வு சான்றாகும்.