ஆடற்கலையும் பல்கலைக்கழகமும்: பாலசரசுவதி அம்மையார் வரலாறு

இறைவனைக் கூத்தப்பெருமானாகக் கண்டு வழிபடுவது தமிழகச் சைவத்தின் தனிச்சிறப்பாகும். படைத்தல் முதலிய ஐந்தொழிலும் அவன் திருக்கூத்தினுள் அடங்கும் என்பது ஆன்றோர் துணிபு. ஆதலின் நம் திருக்கோயில்களில் ஆடலும் வழிபாட்டின் ஓர் அங்கமாக விளங்கிற்று. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரைக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும் ஆண்டுக்கு நூறு கல நெல்லும் வகுத்த செய்தியை அக்கோயிற் கல்வெட்டே பகர்கின்றது. இத்துணைப் பழைமை வாய்ந்த கலை இருபதாம் நூற்றாண்டில் கோயிலை விட்டு நீங்கவும், பின்னர்க் கடல் கடந்த நாட்டிற் பல்கலைக்கழகப் பாடமாக அமையவும் நேர்ந்தது. இவ்விரண்டு மாறுதல்களையும் தம் வாழ்நாளிலேயே கண்டவர் தஞ்சாவூர் பாலசரசுவதி அம்மையார்.

அம்மையார் 1918ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தஞ்சை அரசவையில் இசையும் நடனமும் வளர்த்த குடும்பத்தில் ஏழாந் தலைமுறையினர் அவர். வீணை தனம்மாள் என்று உலகம் போற்றிய பெருமாட்டி அவருடைய பாட்டியார். இசைவல்ல ஜயம்மாள் அன்னையார். அவ்வீட்டில் இசை என்பது கற்பிக்கப்படும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. குழந்தைகள் விழிப்பதும் உறங்குவதும் இசையினிடையே ஆயின. பின்னாளில் மிருதங்கத்திற் பெயர் பெற்ற ரங்கநாதனும், புல்லாங்குழலிற் புகழ் பெற்ற விசுவநாதனும் அவர்தம் இளவல்கள்.

நடனத்தில் அம்மையாருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கந்தப்ப நட்டுவனார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் மரபில் வந்தவர் அவர். இன்று நாட்டிய அரங்குகளில் வழங்கும் அலாரிப்பு முதல் தில்லானா ஈறாகிய வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் அந்நால்வரே. கந்தப்பனார் கண்டிப்பில் இணையற்றவர். விடியுமுன் எழுந்து அடவுகளைப் பழக வேண்டும். தாளம் இம்மியளவும் பிழைபடலாகாது. இவ்வாறு பயின்ற குழந்தை, 1925ஆம் ஆண்டு, தன் ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் திருக்கோயிலில் அரங்கேறியது.

அக்காலத்தே நாட்டில் வேறொரு கிளர்ச்சியும் எழுந்திருந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தால் விளைந்த தீமைகளைக் கண்டு வருந்திய சான்றோர் அதனை ஒழிக்க முற்பட்டனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அம்முயற்சியில் முன்னின்றார். 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டம் அவ்வழக்கத்தைத் தடைசெய்தது; அதனோடு கோயில்களில் அக்குலப் பெண்டிர் ஆடுவதும் நின்றது. சட்டத்தின் நோக்கம் நல்லதே. எனினும், தீங்கைக் களையப் புகுந்த இடத்தில், வழிவழியாகக் கலையைக் காத்த குடும்பங்கள் தாம் பிறந்த குலத்தைச் சொல்லவும் கூசும் நிலை வந்தது. 1941ஆம் ஆண்டிலேயே கந்தப்பனார் மறைந்துவிட்டமையால், அம்மையாருக்கு அது இருமடங்கு துயரமாயிற்று. இறைவன் திருமுன் ஆட வேண்டும் என்னும் ஆவல் மீதூர, ஒருகால் திருத்தணிகை முருகன் சந்நிதியில் காண்பவர் எவருமின்றித் தனியே ஆடினார் என்று அவர் வரலாற்றை உரைப்போர் கூறுவர்.

துயரினின்று மீண்டு அம்மையார் கற்பிக்கத் தொடங்கினார். 1953ஆம் ஆண்டளவில் சென்னை மியூசிக் அகாதெமியின் ஆதரவில் நடனப் பள்ளி ஒன்று அவர் தலைமையில் அமைந்தது. கந்தப்பனார் மைந்தர் கணேசனார் அவருக்கு நட்டுவாங்கம் செய்தார். 1955ஆம் ஆண்டு சங்கீத நாடக அகாதெமியின் பரிசும், 1957ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும் வந்தன.

1962ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டிற்குச் சென்ற அம்மையார், கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தங்கிக் கற்பித்தார். பிற நாட்டு இசையை ஏட்டளவில் ஆராய்வதோடு நில்லாமல், அந்நாட்டுக் கலைஞரிடமே கைப்படப் பயில வேண்டும் என்னும் கொள்கை அங்கு வேரூன்றிய காலம் அது. இளவல் ரங்கநாதனார் அடுத்த ஆண்டு முதல் அங்கே மிருதங்கம் பயிற்றினார். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை தாங்கியிருந்த விசுவநாதனார், பின்னர் வெஸ்லியனிலேயே ஆய்வு செய்து 1975ஆம் ஆண்டு டாக்டர் பட்டமும் பெற்றார். ஒரு வீட்டின் கல்வி ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியாயிற்று.

ஆயின் ஈண்டு ஓர் ஐயம் எழும். குருவின் வீட்டில் பன்னீராண்டு பயின்றும் நிரம்பாத கலையை, சில திங்கள் அளவினதாகிய பருவத்தில், மொழியும் சமயமும் வேறான மாணவர்க்கு எங்ஙனம் ஊட்டுவது? எளிதாக்கிச் சுருக்கித் தருவது ஒரு வழி. அம்மையார் அவ்வழியை நாடவில்லை. இசையின்றி ஆடல் இல்லை என்பது அவர் உறுதி. பதத்திற்கு அபிநயம் புரியுங்கால் தாமே பாடிக்கொண்டு ஆடுவது அவருக்கு இயல்பு. அம்முறையே மாணவர்க்கும் முன்மாதிரியாயிற்று. கற்க வேண்டியதன் எல்லையை மறைக்காமல் காட்டியமையால், அங்கே தொடங்கியவருள் சிலர் மேலும் பயிலும் வேட்கையோடு சென்னைக்கே வந்து சேர்ந்தனர். தாயகத்தில் தாழ்வுரை கேட்ட ஒரு மரபு, அயலகத்தில் பேராசிரியர் வரிசையில் மதிப்புப் பெற்றது. அதனை எண்ணும்போது மகிழ்வும் நாணமும் ஒருங்கே தோன்றுகின்றன.

தாயகமும் பின்னர் விழித்துக்கொண்டது. 1973ஆம் ஆண்டு மியூசிக் அகாதெமி, இசைவாணர்க்கே வழங்கி வந்த சங்கீத கலாநிதி விருதினை அம்மையாருக்கு அளித்தது. 1975ஆம் ஆண்டு தமிழ் இசைச் சங்க மாநாட்டிற்குத் தலைமை வகித்துப் பேசுகையில், நாட்டிய நிகழ்ச்சியின் அமைப்பைத் திருக்கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டு அவர் விளக்கினார். அலாரிப்பு கோபுரவாயில், சதிசுவரமும் சப்தமும் மண்டபங்கள், வருணம் பெருமான் உறையும் உட்பிராகாரம், பதம் கருவறையின் தண்ணென்ற அமைதி, தில்லானா ஆரவாரத்தோடு காட்டும் கர்ப்பூர ஒளி. இறுதியில் பாடி ஆடும் துதி, அதுகாறும் புறத்தே வழிபட்ட இறைவனை நெஞ்சகத்தே எழுந்தருளச் செய்வது.

கோயிலிலே ஆட இடமற்றுப் போன ஒருவர், ஆடலையே கோயிலாகக் கண்டமை உன்னற்பாலது. மிடில்டவுன் வகுப்பறையில் அவர் அலாரிப்பைக் கற்பித்தபோதும் அக்கோபுரவாயிலிலேதான் மாணவரை நிறுத்தினார் என்பது இதனால் விளங்கும்.

1977ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருது பெற்ற அம்மையார், 1984ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் நாள் சென்னையில் இறைவனடி சேர்ந்தார். அவர் மகளார் லட்சுமி அக்கலையைத் தொடர்ந்து ஆடினார்.

கல்லாலும் சுதையாலும் கோபுரம் எடுத்துக் கலசம் நிறுவிக் குடமுழுக்குக் காணும் அன்பர்கள், அத்திருமுன் பாடியும் ஆடியும் பணி செய்த மரபினரையும் இந்நன்னாளில் நினைத்தல் தகும். கற்றளியைப் பொருள் கொடுத்துப் புதுப்பிக்கலாம். மெய்யினும் நெஞ்சினும் எடுத்த கோயில், கற்பிப்பாரும் கற்பாரும் உள்ள அளவே நிற்கும். கூத்தப்பெருமான் திருவருளால் அக்கோயிலும் ஓங்குக.