எலிக்கு விஷம்… மனுஷனுக்கு மருந்து! வார்ஃபரின் தந்த கார்ல் பால் லிங்க் யார்?

பெரும்பாக்கத்தில் இதய வால்வு மாற்றிக்கொண்ட ஒருவர் மாசாமாசம் ஐ.என்.ஆர் டெஸ்டுக்குப் போகிறார் என்றால், அதற்குப் பின்னால் ஒரு செத்த பசுவின் கதை இருக்கு.

1933 பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கடும் பனிப்புயல். செத்த பசு, ஒரு கேன் நிறைய உறையாத ரத்தம், மாடு தின்ற வைக்கோலோடு சுமார் 300 கி.மீ. வண்டி ஓட்டி வந்தார் ஒரு விவசாயி. பல்கலைக்கழகத்தில் அவர் சந்தித்தது, 1901-ல் பிறந்த உயிர்வேதியியலாளர் லிங்க்கை. கெட்டுப்போன வைக்கோலை நிறுத்துங்க என்பதைத் தவிர அன்று அவரால் எதுவும் சொல்ல முடியல.

ஆனா விடல. 6 வருஷம் தேடி, 1939-ல் அந்த வைக்கோலிலிருந்த டைகூமராலைப் பிரித்தெடுத்தது அவரது குழு.

எலி மருந்து ஆனது எப்படி?

1945-ல் காசநோயால் படுத்திருந்தபோது லிங்க்குக்கு எலி மருந்து யோசனை வந்தது. 1948-ல் வார்ஃபரின் விற்பனைக்கு வந்தது. 1951-ல் அதை அதிகமாகச் சாப்பிட்ட ராணுவ இளைஞர் ஒருவர், வைட்டமின் கே சிகிச்சையில் பிழைத்தார். மாற்று மருந்து இருக்குன்னு தெரிந்ததும் டாக்டர்களுக்குத் தைரியம் வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி. 1955-ல் மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கும் இதுதான்.

லிங்க் 1978-ல் மறைந்தார். நம்ம ஊர் அசிட்ரோமும் இதே குடும்பம்தான். அளவு குறைந்தால் ரத்தம் கட்டும்; கூடினால் கசியும். அதனால டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க, கூட்டாதீங்க.