ஏழு கடிகாரங்களைக் கழற்றிய கிரேஸ் ஹாப்பர்



லினக்ஸ் போட்ட லேப்டாப்ல மெனுவைத் திறக்கிறீங்க. நேற்று வரை இருந்த ஒரு சாஃப்ட்வேரோட ஐகானைக் காணோம். அந்த இடத்துல வெறும் வெள்ளைத் தாள் மாதிரி ஒரு படம் நிக்குது. பக்கத்து ரூம் நண்பன் என்ன சொல்வான்? ஃபார்மட் அடிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிடுனு சொல்வான். அரை நாள் போகும், ஐகானும் வந்துடும். ஆனா எதனால போச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. பழுதைத் துடைத்துப் போடாமல், அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதையே வாழ்நாள் பழக்கமாக வைத்திருந்த ஒருவரின் கதையை இந்த இதழில் படிப்போம்.

கிரேஸ் ஹாப்பர் 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தார். சின்ன வயதில், அலாரம் எப்படி அடிக்கிறது என்று பார்க்க ஒரு கடிகாரத்தைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டுவது என்று பார்க்க அடுத்ததைக் கழற்றினார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தன. அம்மா அவரை அதோடு நிறுத்தச் சொல்லவில்லை; இனிமேல் ஒரே ஒரு கடிகாரம்தான் என்று மட்டும் கட்டுப்பாடு போட்டார். யோசிச்சுப் பாருங்க, பழுது பார்க்கிற எல்லோருக்கும் தேவையான முதல் விதியே அதுதான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடணும்.

வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து 1928-இல் பட்டம் பெற்றார். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். வாசரிலேயே பேராசிரியர் வேலையும் இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேரத் துடித்தார். வயது அதிகம், எடை குறைவு என்ற தடைகளைத் தாண்டி, விதிவிலக்கு வாங்கிச் சேர்ந்தார். 1944-இல் அவரை அனுப்பிய இடம் கப்பல் இல்லை, ஹார்வர்டில் இருந்த மார்க் 1 என்ற கணிப்பொறி. 51 அடி நீளம், 8 அடி உயரம். கட்டளைகளைக் காகித நாடாவில் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு 500 பக்கங்களுக்கு மேல் ஒரு கையேட்டையும் எழுதி முடித்தார்.

அடுத்து வந்தது மார்க் 2. 1947 செப்டம்பர் 9 அன்று அது தப்பான விடை கொடுத்தது. உள்ளே தேடியவர்கள் ஒரு ரிலேவுக்குள் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டார்கள். அதை எடுத்துக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வைத்தார்கள். ‘பக்’ என்ற சொல்லே அன்றுதான் பிறந்தது என்று பலரும் ஃபார்வர்டு பண்ணுவாங்க, நம்பாதீங்க. எடிசன் 1878-லேயே அந்தச் சொல்லைப் பழுது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பூச்சியைப் பிடித்ததும் ஹாப்பர் இல்லை. அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொன்னவர்தான் அவர். நமக்கு வேண்டியது அந்தக் குறிப்பேடு. பழுதைக் கண்டுபிடித்ததோடு விடாமல் எழுதி வைத்ததால்தான், அந்தப் பூச்சி இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1949-இல் எக்கர்ட்–மாக்லி நிறுவனத்துக்குப் போனார். அந்தக் காலத்தில், ஒருவர் எழுதிய துணை நிரலை இன்னொருவர் கையால் பார்த்து எழுதி, முகவரி எண்களைக் கூட்டி மாற்றிக்கொள்வார். பார்த்து எழுதுவதிலும் தப்பு, கூட்டுவதிலும் தப்பு. இந்த வேலையை மெஷினே செய்யட்டுமே என்று நினைத்தார். 1952-இல் ஏ-0 தயாரானது. ஒரு துணை நிரலின் குறியீட்டைக் கொடுத்தால் போதும், அது இருக்கும் இடத்தைத் தேடி எடுத்து வந்து சேர்த்துவிடும். கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் போடும் என்று சொல்லி முதலில் யாரும் நம்பவில்லை. விடாமல் ஃப்ளோமேட்டிக் என்ற மொழியை உருவாக்கினார். 1959-இல் தொடங்கிய கோபால் மொழிக்கு அதுதான் பெரிய அடித்தளம்.

பெயரைச் சொன்னால் இடத்தைத் தேடிக்கொள்ளும் இந்த வழிதான் உங்க ஐகானுக்குப் பின்னாலும் இருக்கு. மெனுவில் வரும் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு சின்ன டெஸ்க்டாப் ஃபைல் உண்டு. அதில் ஐகான் என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைத் திறந்து படிங்க. முழுப் பாதை எழுதியிருந்தால், அந்த இடத்தில் படம் இருக்கானு பாருங்க. வெறும் பெயர் மட்டும் இருந்தால், சிஸ்டம் முதலில் நீங்க போட்டிருக்கிற தீமில் தேடும், பிறகு அந்த தீம் சார்ந்திருக்கும் தீம்களில் தேடும், கடைசியாக ஹைகலர் என்ற பொது ஃபோல்டருக்கு வரும். தீமை மட்டும் மாற்றிப் பாருங்க. ஐகான் வந்துவிட்டால் குறை தீமில். படம் சரியான இடத்தில் இருந்தும் தெரியலையா? ஐகான் கேஷ் பழசாகியிருக்கலாம், அதைப் புதுப்பிங்க. சாஃப்ட்வேர் பெயரே மெனுவில் இல்லை என்றால், அதே டெஸ்க்டாப் ஃபைலில் நோ டிஸ்ப்ளே வரி ‘ட்ரூ’ என்று இருக்கிறதா, ட்ரை எக்ஸெக் வரி சொல்லும் புரோகிராம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்க. ஒவ்வொன்றாக மாற்றுங்க. எதை மாற்றினீங்கன்னு எழுதி வைங்க.

ஹாப்பர் 1966-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே கடற்படை திரும்பக் கூப்பிட்டது. ஆறு மாத வேலைக்கென்று போனவர், 1986-இல் ரியர் அட்மிரலாக வெளியே வரும்போது வயது 79. வகுப்பெடுக்கப் போனால், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வயர்த் துண்டுகளைக் கையில் கொடுப்பார். ஒரு நானோ செகண்டில் மின்சாரம் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டத்தான். அவர் அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நேரம் சரியாகத்தான் காட்டும். எப்பவும் இப்படித்தான் செய்வோம் என்று சொல்கிறவர்களுக்கு அதுவே பதில்.

1992 ஜனவரி 1 அன்று மறைந்தார். ஆர்லிங்டனில் அடக்கம் செய்தார்கள். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கி ஓடுகிறது.

நண்பர்களே, ஃபார்மட் அடிக்கத் தெரிந்தவங்க நம்ம கேம்பஸ்ல நிறைய பேர் இருக்காங்க. நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை யாரும் உங்களை ஃபார்மட் அடிக்க விடமாட்டாங்க. ஏன் போச்சுன்னுதான் கேட்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஒரு ஐகானில் இருந்தே பழகலாம்.