குதிரைக் காலைப் பிடித்த மனிதர்

நம்ம கல்லூரி விளையாட்டு விழாவுக்கு மூன்று வருஷமாக நான்தான் கேமராக்காரன். மைதானத்துக்கு வெளியே தூரத்தில் நின்று எடுக்கும்போது ஒரே இழுபறிதான். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் போதாது; குறைத்தால் ஓடுகிறவன் கால் கரைந்துபோகும். இந்த இழுபறியை 1878-லேயே ஜெயித்தவர் எட்வர்ட் மைபிரிட்ஜ்.

1830-ல் இங்கிலாந்தின் கிங்ஸ்டனில், தேம்ஸ் நதிக்கரையில் பிறந்தவர். அமெரிக்கா போய் சான் பிரான்சிஸ்கோவில் புத்தகம் விற்றார். 1860-ல் குதிரை வண்டி விபத்தில் தலையில் பலத்த அடி. தேறிய பிறகு கேமராவைப் பிடித்து, யோசமிட்டி பள்ளத்தாக்குப் படங்களால் பேர் வாங்கினார். ஆள் முரடு; 1874-ல் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்று, அடுத்த வருஷம் விடுதலையானார். அதை விடுங்கள், நமக்கு வேண்டியது குதிரை.

ஓடும் குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு இதற்கு விடை தேவைப்பட்டது. 1872-ல் மைபிரிட்ஜ் செய்த முதல் முயற்சியில் தெளிவு போதவில்லை. அன்றைய ஈரத் தகட்டில் சாதாரணப் படத்துக்கே சில விநாடி வேண்டுமே!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைலை 100 விநாடியில் கடக்கும் குதிரை விநாடிக்கு 16 மீட்டர் போகிறது. ஷட்டர் 1/100 விநாடி திறந்திருந்தால் 16 செ.மீ. நகர்ந்துவிடும், படம் வெறும் புகை. 1/1000-ல் 1.6 செ.மீ.; 1/2000-ல் 8 மி.மீ. முன்னால் வீசும் குளம்போ உடலைவிட வேகம். தன் ஷட்டர் நேரம் 1/2000-க்கும் குறைவு என்று மைபிரிட்ஜ் பட அட்டையிலேயே அச்சிட்டார்.

அவ்வளவு வேகத்தில் வெளிச்சத்துக்கு எங்கே போவது? அவர் இடத்தையே மாற்றினார். பாலோ ஆல்டோ பண்ணையில் வெயில் படும்படி வெள்ளைச் சுவர் எழுப்பி, எதிரே 12 கேமராக்களை 27 அங்குல இடைவெளியில் வைத்தார். குறுக்கே கட்டிய நூலைக் குதிரை இழுத்ததும் மின்சாரம் பாய்ந்து ஷட்டர் விழும். (எலக்ட்ரிகல் பசங்க காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!) 1878 ஜூனில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் சாலி கார்டனர் என்ற குதிரை ஓடியது. நான்கு காலும் மேலே! அதுவும் ஓவியர்கள் வரைந்தபடி முன்னும் பின்னும் நீட்டியல்ல, வயிற்றுக்கடியில் மடக்கியபடி. ஓட்டத்தில் அறுந்த சேணவார்கூடத் தகட்டில் தெரிந்தது. பொய் என்று யார் சொல்ல முடியும்?

படங்கள் பெரும்பாலும் நிழலுருதான். ரோமம் தெரியாவிட்டால் போகட்டும், காலின் விளிம்பு கூர்மையாக விழுந்தால் சரி என்ற அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லாங் லென்ஸ் தூரத்து ஆளைப் பெரிதாக்கும்போது அசைவையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் நானும் முதலில் ஷட்டரை 1/1000-ல் நிறுத்தி, லென்ஸை முழுசாகத் திறந்து, கடைசியில்தான் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுகிறேன். புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை.

1882-ல் ஸ்டான்ஃபோர்டு ஆதரவில் வந்த குதிரைப் புத்தகத்தில் மைபிரிட்ஜுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. வழக்குப் போட்டும் தோற்றார். ஆனாலும் ஓயவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனிதர்கள், மிருகங்களின் அசைவுகளை எடுத்து, 1887-ல் 781 தட்டுகளாக வெளியிட்டார். 1904-ல் பிறந்த ஊரிலேயே காலமானார். கல்லறைக் கல்லில் அவர் பெயரை மேபிரிட்ஜ் என்று தப்பாகப் பொறித்துவிட்டார்கள்.